கேம் செய்திகளுக்குச் சொந்தத் திரட்டி: அமைத்த முறையும் பழுதான இடங்களும்

தேவையானவை: எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கணினி (ராஸ்பெரி பை 4 தாராளம், பழைய லேப்டாப்பும் ஆகும்), அதில் டாக்கர் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி), ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற இலவசத் திரட்டி. திரட்டி என்பது பல தளங்களின் செய்தியோடைகளை (ஆர்எஸ்எஸ், அதாவது ஒரு தளம் தன் புதிய கட்டுரைகளைத் தரும் பட்டியல்) ஒரே இடத்தில் காட்டும் மென்பொருள். சர்வர் வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளிலேயே செய்தியோடைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கீழே வரும் ஓடை முகவரிகள் அதற்கும் அப்படியே பொருந்தும். கணினி அணைந்திருக்கும்போது வந்துபோன செய்திகளில் சில மட்டும் கிடைக்காமல் போகும்.

கூகுளின் திரட்டியான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டதோடு செய்தியோடையின் காலம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேம் தளங்களைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. ஓடை பல தளங்களில் உயிரோடுதான் இருக்கிறது. முகப்பில் இருந்த ஆரஞ்சு நிறப் பொத்தானைத்தான் எடுத்துவிட்டார்கள்.

எவ்வளவு ஓடைகள் வேண்டும்? 25 போதும். ஒரு நிறுவனம் டிரெய்லரோடு பத்திரிகைக் குறிப்பை அனுப்பினால் பத்துத் தளங்கள் அதைப் பத்து விதமாகத் திருப்பி எழுதும். பத்தையும் சேர்த்தால் ஒரே செய்தியைப் பத்து முறை ஒதுக்கித் தள்ளுவதே வேலையாகிவிடும். அதனால் இங்கே வைத்துக்கொண்ட கணக்கு இது: அறிவிப்பை அறிவித்தவரிடமே வாங்குவது, செய்தித் தளங்களிடம் அவர்களே உழைத்துத் தேடியதை மட்டும் எதிர்பார்ப்பது.

நிறுவும்போது

கண்டெய்னருக்குள் 80-ஆம் போர்ட்டில் இயங்குவதை வெளியே 8080-க்குத் திருப்பவும். ஒருவர் மட்டும் படிப்பதற்கு எஸ்க்யூலைட் தரவுத்தளமே போதும், போஸ்ட்கிரெஸ் தேவையில்லை. பலரும் தடுக்கி விழுவது மூன்று இடங்களில்.

முதலாவது தரவுக் கோப்புறை. கண்டெய்னருக்குள் இருக்கும் டேட்டா, எக்ஸ்டென்ஷன்ஸ் ஆகிய இரண்டு கோப்புறைகளையும் வெளியே இருக்கும் வால்யூமோடு (கண்டெய்னரை நீக்கினாலும் அழியாத சேமிப்பிடம்) இணைக்க வேண்டும். மறந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும், அடுத்த பதிப்புக்கு மாறும் நாள்வரை. பழைய கண்டெய்னரை நீக்கிப் புதியதை ஏற்றியதும் ஓடைப் பட்டியல், வடிகட்டிகள், நட்சத்திரமிட்ட கட்டுரைகள் எல்லாம் போய், நிறுவல் பக்கம் வந்து நிற்கும்.

இரண்டாவது தானியங்கிப் புதுப்பிப்பு. க்ரான் என்பது குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி. க்ரான் மின் (CRON_MIN) என்ற சூழல் மாறிக்கு, அதாவது கண்டெய்னரைத் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்புக்கு, மதிப்புக் கொடுக்காவிட்டால் இந்தக் கண்டெய்னர் எதையும் தானாகப் புதுப்பிக்காது. பக்கத்தைத் திறந்து கையால் புதுப்பிக்கும்போதெல்லாம் செய்தி வருவதால் வேலை செய்கிறது என்றே தோன்றும். 1,31 என்று கொடுத்தால் ஒவ்வொரு மணியின் 1-ஆம் நிமிடத்திலும் 31-ஆம் நிமிடத்திலும் ஓடும். சரியாகப் பூஜ்ஜியம் நிமிடத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. உலகத்துத் திரட்டிகளில் பாதி அந்த நொடியில்தான் தளங்களின் கதவைத் தட்டும்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. திரட்டியின் அமைப்புக்குள் ஒவ்வொரு ஓடைக்கும் 'இதைவிட அடிக்கடி புதுப்பிக்காதே' என்ற இன்னொரு வரம்பும் உண்டு. இயல்பாக அது 1 மணி நேரம். க்ரானை 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டாலும் இந்த வரம்பைக் குறைக்காதவரை ஓடை மணிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நேர மண்டல மாறியையும் அப்போதே கொடுத்துவிடவும். இல்லையென்றால் எல்லாக் கட்டுரைகளும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் காட்டப்பட்டு, 'நேற்று', 'இன்று' பிரிவுகள் இடம் மாறிக் கிடக்கும்.

முதல் பிரிவு: நேரடி அறிவிப்புகள்

கணினி கேம்களின் இணையக் கடையான ஸ்டீமில் உள்ள ஒவ்வொரு கேமுக்கும் ஓர் எண் உண்டு. கடைப் பக்க முகவரியில் ஆப் என்ற சொல்லை அடுத்து வருவது அதுதான். கவுன்டர்-ஸ்டிரைக் 2-க்கு 730, டோட்டா 2-க்கு 570, ஸ்டார்டியூ வேலிக்கு 413150. கடை முகவரிக்குப் பின்னால் ஃபீட்ஸ், நியூஸ், ஆப், எண் என்ற வரிசையில் சாய்வுக்கோடுகள் போட்டு எழுதினால் அந்தக் கேமின் ஓடை கிடைத்துவிடும். விளையாடிக்கொண்டிருக்கும் ஐந்தாறு கேம்களுக்கு இதைச் செய்தாலே பேட்ச் குறிப்புகளுக்காக (கேமில் செய்த திருத்தங்களின் பட்டியல்) வேறெங்கும் போக வேண்டியிருக்காது. சேர்ப்பவர்கள் கேமை முடித்ததும் எடுத்துவிடவும் வேண்டும். பழைய கேம்களின் 'வார இறுதிச் சலுகை' அறிவிப்புகள் குவிவது இதை மறப்பதால்தான்.

இன்னும் கறாராக வேண்டுமென்றால் ஸ்டீமின் பொது ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்கும் வழி) இருக்கிறது. செய்திகளைத் தரும் அந்த அழைப்புக்குச் சாவி எதுவும் கேட்பதில்லை. ஆப் எண், எத்தனை செய்திகள் (சொல்லாவிட்டால் 20), எத்தனை எழுத்துகள் என்று கொடுத்தால் ஜேசன் என்ற தரவு வடிவில் வரும். அந்தப் பட்டியலில் டெவலப்பரின் சொந்த அறிவிப்புகளோடு வெளிப் பத்திரிகைகளின் கட்டுரைகளும் கலந்து வரலாம். எந்த ஓடையிலிருந்து வந்தது என்ற புலத்தைப் பார்த்து, ஸ்டீம் கம்யூனிட்டி அறிவிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் சுத்தமாகிவிடும். பேட்ச் குறிப்புகளுக்குத் தனிக் குறிச்சொல்லும் இருக்கிறது, ஆனால் அதைப் போடுவது டெவலப்பரின் கையில். எல்லோரும் போடுவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பி வடிகட்டினால் பாதி போய்விடும். தேதி யூனிக்ஸ் நொடிக் கணக்கில் வரும், உள்ளடக்கம் பிபிகோடு என்ற எழுத்தலங்காரக் குறிகளோடு வரும்; இரண்டையும் மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மேலே சொன்ன சாதாரண ஓடையே போதும்.

பிளேஸ்டேஷன் பிளாக், எக்ஸ்பாக்ஸ் வயர் இரண்டும் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடுபவை. முகவரியின் கடைசியில் ஃபீட் என்று சேர்த்தால் ஓடை வந்துவிடும். வேர்ட்பிரஸ் தளம் என்று சந்தேகம் வந்தால் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதைத்தான். ஓப்பன்டிடிடி, ஸ்கம்விஎம் போன்ற திறமூலத் திட்டங்களுக்கு, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பின் ரிலீசஸ் பக்க முகவரியோடு புள்ளியும் ஆட்டம் என்ற சொல்லும் சேர்த்தால் போதும். சோதனைப் பதிப்புகளும் கூடவே வரும், அவற்றைத் தலைப்பில் உள்ள பீட்டா, ஆர்சி ஆகிய குறிகளைக் கொண்டு ஒதுக்கலாம்.

யூடியூபில் சேனலின் பெயரைக் கொண்டு ஓடை எடுக்க முடியாது. யுசி என்று தொடங்கும் 24 எழுத்து அடையாளம் தேவை. சேனல் பக்கத்தின் மூலத்தைத் திறந்து சேனல் ஐடி என்று தேடினால் கிடைக்கும். ஓடையில் கடைசி 15 வீடியோக்கள்தான் இருக்கும். ஷார்ட்ஸும் அதில் கலந்துவரும் என்பது பெரிய தொல்லை. அதற்கொரு குறுக்குவழி உண்டு: அடையாளத்தின் முதல் இரண்டு எழுத்துகளான யுசி-யை எடுத்துவிட்டு யுயுஎல்எஃப் என்று போட்டு, சேனல் ஐடிக்குப் பதில் பிளேலிஸ்ட் ஐடியாகக் கொடுத்தால் முழுநீள வீடியோக்கள் மட்டும் வரும். யூடியூப் இதை எங்கும் ஆவணப்படுத்தவில்லை. ஒருநாள் நின்றுபோனால் புலம்பாமல் பழைய முகவரிக்குத் திரும்பிவிடவும்.

விற்பனை எண்ணிக்கைகளுக்குச் செய்தித் தளமே வேண்டாம். நின்டெண்டோ தன் முதலீட்டாளர் பக்கத்தில் அதிகம் விற்ற கேம்களின் பட்டியலைக் காலாண்டுதோறும் புதுப்பிக்கிறது. காப்காம் பத்து லட்சத்தைத் தாண்டிய கேம்களுக்கு பிளாட்டினம் டைட்டில்ஸ் என்ற பட்டியல் வைத்திருக்கிறது. இங்கே நிதியாண்டின் பெயரில் ஒரு குழி இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான அதே 12 மாதங்களை சோனி 2025 நிதியாண்டு என்கிறது, டேக்-டூ 2026 நிதியாண்டு என்கிறது. 'நிதியாண்டு 2026-இல் வெளிவரும்' என்ற வரியைப் பார்த்தால் எந்த நிறுவனம் சொன்னது என்று பார்த்த பிறகே காலண்டரில் குறிக்கவும்.

இரண்டாம் பிரிவு: செய்தித் தளங்கள்

ஒவ்வொரு தேவைக்கும் ஒன்று, அவ்வளவுதான். பொதுச் செய்திக்கு யூரோகேமர் அல்லது விஜிசி. கணினி கேம்களுக்கு ராக் பேப்பர் ஷாட்கன் அல்லது பிசி கேமர். ஜப்பானிய வெளியீடுகளை ஆங்கிலத்தில் தொடர கெமாட்சு. தொழில்துறைச் செய்திக்கு கேம்ஸ்இண்டஸ்ட்ரி டாட் பிஸ், இல்லையென்றால் கேம் டெவலப்பர். ஃப்ரேம் ரேட், ரெசல்யூஷன் பற்றிய அலசலுக்கு டிஜிட்டல் ஃபவுண்ட்ரி. ஒரே வேலைக்கு இரண்டு தளங்களைப் பிடித்துவைத்தால் மூன்றாம் நாளே படிக்காதவை எண்ணிக்கை மூன்று இலக்கத்துக்குப் போய்விடும், பிறகு திரட்டியைத் திறக்கவே கை வராது.

ரெடிட்டின் எந்தப் பிரிவின் முகவரியோடும் புள்ளி ஆர்எஸ்எஸ் சேர்த்தால் ஓடை வரும். ஆனால் அடிக்கடி கேட்டால் 429 என்ற பதில்தான் கிடைக்கும், அதாவது அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று பொருள். ரெடிட் ஓடைகளுக்கு மட்டும் இடைவெளியை 3 அல்லது 4 மணி நேரமாக வைக்கவும். வதந்திகளும் லீக்குகளும் வரும் ஓடைகளைத் தனிப் பிரிவில் அடைத்து, முதன்மைப் பட்டியலில் தெரியாதபடி வைத்தோம். சரிபார்க்காத செய்தி சரிபார்த்த செய்தியின் பக்கத்தில் அதே எழுத்துருவில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எது எதுவென்று நினைவில் நிற்காது.

ஓடை தெரியாத தளத்தில் தேடும் வரிசை

பக்கத்தின் மூலத்தைத் திறந்து (கன்ட்ரோலும் யு-வும்) ஆல்டர்நேட் என்ற சொல்லைத் தேடவும். ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் என்ற வகையோடு ஒரு லிங்க் குறி இருந்தால் அதிலுள்ள முகவரிதான் ஓடை. இல்லையென்றால் தள முகவரியோடு robots.txt சேர்த்து ரோபாட்ஸ் கோப்பைத் திறக்கவும். அதன் அடியில் சைட்மேப் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) முகவரிகள் இருக்கும். பெரிய செய்தித் தளங்கள் கூகுள் நியூஸுக்காகத் தனி சைட்மேப் வைத்திருப்பது வழக்கம். கடைசி 2 நாள் கட்டுரைகள் தலைப்போடும் தேதியோடும் அதில் இருக்கும். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் எக்ஸ்எம்எல்லோடு எக்ஸ்பாத் (கோப்பில் எந்த உறுப்பை எடுக்க வேண்டும் என்று காட்டும் பாதை) என்ற ஓடை வகையைத் தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பையே ஓடையாக மாற்றிவிடலாம். பலரும் கவனிக்காத வழி இது, பக்கத்தைச் சுரண்டுவதைவிட, அதாவது பக்கத்திலிருந்தே செய்திகளைப் பிடுங்குவதைவிட, பல மடங்கு உறுதியானதும்கூட.

அதுவும் இல்லாதபோதுதான் எச்டிஎம்எல் பக்கத்தை எக்ஸ்பாத் கொண்டு சுரண்டுவது. ஒவ்வொரு செய்தியையும் பிடிக்கும் பாதை, அதற்குள் தலைப்பின் பாதை, இணைப்பின் பாதை ஆகிய மூன்றும் வேண்டும். இங்கே அதிகம் நடக்கும் தவறு, உலாவியின் இன்ஸ்பெக்ட் கருவியில் பார்த்துப் பாதை எழுதுவது. அந்தக் கருவி காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகு இருக்கும் பக்கம். திரட்டிக்குக் கிடைப்பதோ சர்வர் முதலில் அனுப்பும் மூலம். உலாவியில் 20 செய்திகள் தெரிந்தும் திரட்டியில் ஒன்றும் வராமல் போவது இதனால்தான். எப்போதும் மூலத்தைப் பார்த்து எழுதவும். மூலத்தில் செய்தியே இல்லையென்றால் இந்த வழி பலிக்காது. தேதிக்குப் பாதை கொடுக்காவிட்டால் எடுத்த நேரமே தேதியாகிவிடும், முதல் நாள் மட்டும் பழைய செய்திகளும் இன்றைய தேதியில் வரும். இப்படிச் சுரண்டும் பக்கங்களுக்கு 6 மணி நேர இடைவெளி வைக்கவும். சில தளங்கள் தானியங்கிச் சுரண்டலை வெளிப்படையாகவே மறுத்திருக்கின்றன, ஸ்டீம் கேம்களின் தரவுகளைக் காட்டும் ஸ்டீம்டிபி அவற்றில் ஒன்று. அங்கே போக வேண்டாம்.

வடிகட்டி

பெரிய கேம் தளங்களின் ஓடையில் செய்தியல்லாதவையே நிறைய: சலுகை விலைப் பட்டியல்கள், ரோப்லாக்ஸ் கேமின் பரிசுக் குறியீடுகள் (கோட்), வேர்டில் சொல் விளையாட்டின் விடைக் குறிப்புகள், 'சிறந்த பத்து' கட்டுரைகள். இவற்றைத் தலைப்பிலுள்ள சொல்லை வைத்து ஒதுக்கலாம். ஆனால் அவசரத்தில் எழுதிய வடிகட்டி நல்ல செய்தியையும் சேர்த்து விழுங்கும்.

டீல் என்று ஒருமையில் ஒதுக்கினால் என்னாகும்? மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் பிளிசார்டை 68.7 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக 2022 ஜனவரியில் அறிவித்து 2023 அக்டோபர் 13 அன்று முடித்த விவகாரத்தில், தலைப்புக்குத் தலைப்பு அந்தச் சொல்தான். பன்மையான டீல்ஸ் என்பதை மட்டும் ஒதுக்கினால் சலுகைப் பட்டியல்கள் போகும், கையகப்படுத்தல் செய்திகள் தங்கும். கோட் என்பதை ஒதுக்கினால் கோட் வெய்ன் கேமும் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனமும் போய்விடும். பிரைம் என்று போட்டால் அமேசானின் பிரைம் சலுகை நாளோடு மெட்ராய்ட் பிரைம் கேமும் காணாமல் போகும். எனவே முழுச் சொற்றொடராக எழுதவும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சொல் வடிவத்தைக் குறிகளால் விவரித்துத் தேடும் முறை) எழுதுவதானால் சொல்லின் இரு புறமும் எல்லைக் குறி (பின்சாய்வுக்கோடும் பி எழுத்தும்) போடவும், கடைசியில் ஐ என்ற கொடியைச் சேர்க்கவும். ஆங்கிலத் தலைப்புகளில் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். அந்தக் கொடி இல்லாவிட்டால் சிறிய எழுத்தில் எழுதிய வடிகட்டி ஒன்றையும் பிடிக்காது.

ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் வடிகட்டியின் செயலாக 'படித்ததாகக் குறி' என்பதைப் பயன்படுத்துகிறோம். கட்டுரை அழியாது, கண்ணில்தான் படாது. வாரம் ஒருமுறை படித்தவற்றைப் புரட்டினால் வடிகட்டி எதைத் தவறாக விழுங்கியது என்று தெரிந்துவிடும். புது வடிகட்டியை முதலில் ஒரே ஓடையில் போட்டு, ஒரு வாரம் பார்த்த பிறகே பிரிவு முழுவதற்கும் விரிக்கவும்.

ஒரே தலைப்பு மறுபடி வந்தால் படித்ததாகக் குறிக்கும் வசதியும் இருக்கிறது. பத்துத் தளங்களின் பத்துத் தலைப்புகளை அது ஒன்றாக்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் அது இயங்கும். ஒரே தளம் ஒரே கட்டுரையைத் திரும்ப ஏற்றும்போது மட்டும் உதவும்.

பழுதுகள்

சத்தமில்லாமல் சாகும் ஓடைதான் மிகவும் ஆபத்தானது. 404, 410, 403 என்றெல்லாம் பிழை வந்தால் திரட்டி எச்சரிக்கைக் குறி காட்டும். தளம் புதிய மென்பொருளுக்கு மாறி, பழைய ஓடை முகவரியை அப்படியே விட்டுவைத்தால் பிழையே வராது. 200 என்ற நல்ல பதிலோடு அதே பழைய பத்துக் கட்டுரைகள் காலத்துக்கும் வந்துகொண்டிருக்கும். கமாசூத்ரா 2021-இல் கேம் டெவலப்பர் என்று பெயர் மாறியதைப் போன்ற மாற்றங்களின்போது ஓடை முகவரியைச் சோதிப்பது அவசியம். புள்ளிவிவரப் பக்கத்தில் 'செயலற்ற ஓடைகள்' என்ற பட்டியல் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைப் பார்த்து, செய்தித் தளம் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் மௌனமாக இருந்தால் நேரில் போய்ப் பார்க்கவும்.

இதன் மறுபக்கமும் நடக்கும். தளம் இடம் மாறும்போது கட்டுரைகளின் உள் அடையாளம் மாறினால், ஓடையில் இருப்பவை எல்லாம் புதியவையாக ஒருமுறை கொட்டும். அது திரட்டியின் பழுதல்ல. அந்த ஓடையை மட்டும் மொத்தமாகப் படித்ததாகக் குறித்துவிட்டு நகரவும்.

403 வந்தால் பெரும்பாலும் தானியங்கிகளை மறிக்கும் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவையின் தடுப்பு. உலாவியில் திறக்கும், திரட்டியில் திறக்காது. உலாவியைப் போல வேடமிடும் வசதி ஓடை அமைப்பில் உண்டு, ஆனால் அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் இடைவெளியைக் கூட்டிப் பார்க்கவும். முறையான திரட்டி சர்வரிடம் 'போனமுறைக்குப் பிறகு மாற்றம் உண்டா' என்று கேட்கும், இல்லையென்றால் 304 என்ற வெற்றுப் பதிலோடு முடித்துக்கொள்ளும். கைப்பட எழுதிய ஸ்கிரிப்டுகள் இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் இழுப்பதால்தான் சீக்கிரம் தடுக்கப்படுகின்றன.

முழுக் கட்டுரையையும் திரட்டிக்குள் இழுக்க சிஎஸ்எஸ் செலக்டர் (பக்கத்தில் கட்டுரை இருக்கும் பகுதியைச் சுட்டும் குறி) கொடுக்கும் வசதியில் ஒரு விலை உண்டு: ஒவ்வொரு கட்டுரைக்கும் தளத்துக்கு ஒரு கூடுதல் அழைப்பு. புதிதாகச் சேர்த்த ஓடையில் 50 கட்டுரைகள் இருந்தால் ஒரே மூச்சில் 50 அழைப்புகள், உடனே 429. முதலில் ஓடையைச் சேர்த்து, பழையவை வந்து முடிந்த பிறகு இந்த வசதியைப் போடவும்.

நிகழ்ச்சி நாட்கள்

கேம் உலகின் பெரிய அறிவிப்பு மேடையாக இருந்த ஈ3 கண்காட்சி இனி இல்லை என்று 2023 டிசம்பர் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே அறிவிப்புகள் தனித்தனி இணைய ஒளிபரப்புகளாகச் சிதறிவிட்டன: நின்டெண்டோ டைரக்ட் 2011 முதல், சோனியின் ஸ்டேட் ஆஃப் பிளே 2019 முதல், சம்மர் கேம் ஃபெஸ்ட் 2020 முதல். ஆகஸ்டில் கொலோனில் கேம்ஸ்காம், செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோ, டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ். இந்த நாட்களில்தான் திரட்டி செய்திகளைத் தவறவிடும்.

காரணம் ஓடையின் ஆழம். வேர்ட்பிரஸ் இயல்பாக ஓடையில் 10 கட்டுரைகளைத்தான் வைக்கும். நிகழ்ச்சி நடக்கும்போது ஒரு தளம் மணிக்கு 30 கட்டுரைகள் போட்டால், 20 நிமிடத்தில் பத்தும் புதியவையாக மாறிவிடும். மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் திரட்டிக்கு 30-இல் 10 மட்டுமே கிடைக்கும். மற்ற 20 வந்த சுவடே தெரியாது. தொடக்கத்தில் சொன்ன தண்டர்பேர்ட் பிரச்சினையும் இதுதான். ஓடையின் ஆழத்தை மணிக்கு எத்தனை கட்டுரை என்பதால் வகுத்தால் வரும் நேரத்தைவிட இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். அந்த ஒரு மாலைக்கு மட்டும், முக்கியமான மூன்று ஓடைகளின் வரம்பையும் க்ரானையும் 15 நிமிடத்துக்குக் குறைத்து, மறுநாள் பழையபடி வைத்துவிடவும்.

நேரக் குழப்பத்துக்கும் ஒரு சொல். பசிபிக் நேரம் காலை 10 மணி என்பது குளிர்காலத்தில் யுடிசி 18:00, கோடைக்கால நேரத்தில் 17:00. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட வாரங்களில் 'வழக்கமாக இத்தனை மணி' என்ற கணக்குத் தவறும். கோடையிலும் பழக்கத்தில் பிஎஸ்டி (பசிபிக் குளிர்கால நேரம்) என்றே எழுதும் கட்டுரைகள் உண்டு. காலண்டரில் யுடிசியில் குறித்து, அதைத் திறக்கும் கருவியே உள்ளூர் நேரத்துக்கு மாற்றட்டும் என்று விடவும்.

வெளியீட்டுத் தேதிகளைப் பழைய கட்டுரையிலிருந்து எடுக்கக் கூடாது. ஜிடிஏ 6 முதலில் 2025 இலையுதிர்காலம் என்றிருந்தது, பிறகு 2026 மே 26 ஆனது, அதன்பின் 2026 நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனது. திரட்டிக்குள் தேடினால் எல்லாத் தேதிகளும் சமமான நம்பிக்கையோடு எழுந்து நிற்கும். தேதி வரிசையில் கடைசிக் கட்டுரையைப் பார்த்து, கேமின் சொந்தப் பக்கத்தோடு ஒப்பிடவும். ஏப்ரல் 1 அன்று வருபவற்றை இரண்டு நாள் ஊறவைத்துப் படிப்பது உத்தமம்.

கைபேசியில் படிக்க, அமைப்பில் ஏபிஐ அனுமதியை இயக்கி, சுயவிவரப் பக்கத்தில் அதற்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். வழக்கமான கடவுச்சொல்லைக் கொடுத்தால் நெட்நியூஸ்வயர், ரீட்ராப்ஸ் போன்ற செயலிகள் உள்ளே நுழையாது. செயலி கோளாறு என்று அதை நீக்கி நீக்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது. காப்புக்கு ஓபிஎம்எல் கோப்பை ஏற்றுமதி செய்யலாம், ஆனால் அதில் இருப்பது ஓடைப் பட்டியல்தான். நட்சத்திரமிட்ட கட்டுரைகள் அதில் வராது. அவையும் வேண்டுமென்றால் கண்டெய்னரை நிறுத்திவிட்டு டேட்டா கோப்புறையை முழுதாக நகலெடுக்கவும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த எஸ்க்யூலைட் நகல் பாதி எழுதிய நிலையில் சிக்கி, மீட்கும்போது திறக்காமல் போகலாம்.